எகிப்து தராசு படம் வாங்குனேன்: பிரிண்ட் சூப்பர், ஆனா சாட்சிக்காரங்கள வெட்டிட்டாங்க

முதல்ல மார்க்க சொல்லிடறேங்க, அஞ்சுக்கு மூணரை. கலர், துணி, பிரிண்ட் மட்டும் பாத்தா நாலரையே குடுக்கலாம், ஆனா படத்தோட மேல் வரிசைய முழுசா வெட்டி அனுப்பிருக்காங்க, கூட வந்த அட்டைல விளக்கமும் தப்பா போட்டிருக்காங்க, அதுக்குத்தான் கொறைச்சிருக்கேன். இவ்ளோ நீளமா ஏன் எழுதறேன்னா, கடைல, வக்கீல் ஆபீஸ்ல, ரேஷன் கடைல கூட மாட்டறதுக்கு இத விட பொருத்தமான படம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, வாங்கறவங்க எத பாத்து வாங்கணும்னு தெரிஞ்சு வாங்கட்டும்.

படம் எதுன்னா ஹூனெஃபர்ங்கறவரோட பாப்பிரஸ், அதாவது ஒரு வகை நாணல்ல செஞ்ச பழங்காலத்து காகிதச் சுருள். ஒரிஜினல் லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. கி.மு. 1275 வாக்குல வரைஞ்சது. ஹூனெஃபர் எகிப்துல அரசாங்க எழுத்தர், முதலாம் சேத்தி ராஜாகிட்ட வேலை பாத்தவர், ராஜாவோட மாட்டு மந்தைக்கும் அவர்தான் மேற்பார்வை. அவர் செத்தா கூட வெச்சுப் பொதைக்கணும்னு எழுதுன சுருள், மொத்தமா அஞ்சரை மீட்டர் நீளம் வரும், அதுல ஒரு சீட்டுலதான் செத்தவரோட நெஞ்ச, அதாவது இதயத்த, தராசுல நிறுக்கற இந்தக் காட்சி இருக்கு.

நான் வாங்குனது ஆன்லைன்ல, கேன்வாஸ், மூணு அடி அகலம், டெலிவரியோட 1,450 ரூபாய். டியூப்ல சுருட்டி வந்துச்சு, மடிப்பு விழல, நல்லா பேக் பண்ணிருந்தாங்க. எங்களுக்கு வேலந்தாவளம், கோயமுத்தூர்ல இருந்து வந்தா செக்போஸ்ட் தாண்டுன ஒடனே கேரளா பக்கம், பாலக்காடு ஜில்லா, கூரியர்காரங்களுக்கு எப்பவும் இந்த ஊரு எந்தப் பக்கம்னு கொழப்பம், அதனால ஒரு தடவை கோயமுத்தூர் போயி திரும்பி வந்துச்சு, அதுக்கு விக்கறவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது. பிரேம் போட்டது கொழிஞ்சாம்பாறைல, அத பத்தி பின்னாடி சொல்றேன்.

எங்க மாமா காய்கறி மண்டி வெச்சிருக்கார், நான் அங்க எடைக் கணக்கு எழுதறேன். எலக்ட்ரானிக் தராசுக்கு நேர் மேல இருக்கற சுவத்துல மாட்டத்தான் வாங்குனேன். "சாமி படந்தான் இருக்குதே, இது எதுக்குடா"ன்னாரு மாமா. இல்லீங் மாமா, இது தராசப் பத்துன படம், நம்ம தொழில் படம்னேன். சரி மாட்டுன்னுட்டாரு.

படத்துல என்ன நடக்குதுன்னு எடது பக்கம் இருந்து சொல்லிட்டு வரேன். வெள்ளைத் துணி போட்டவர்தான் ஹூனெஃபர், அவர் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது நரித்தலை சாமி அனுபிஸ். அடுத்து பெரிய தராசு. ஒரு தட்டுல ஹூனெஃபரோட நெஞ்சு, சின்ன ஜாடி மாதிரி வரைஞ்சிருப்பாங்க, எகிப்து எழுத்துல நெஞ்சுக்கு அதான் வடிவம். இன்னொரு தட்டுல ஒரே ஒரு தீக்கோழி எறகு. அந்த எறகுதான் மாஅத். உண்மை, நியாயம், ஒலகம் தன் ஒழுங்குல நடக்கறது, இது அத்தனையும் அவங்களுக்கு மாஅத்துதான், அதுவே ஒரு பொம்பளை சாமியும் கூட, சூரிய சாமி ராவோட மக, தலைல அதே எறகு சொருகிருப்பா. தராசுக் கம்பத்து உச்சிலயும் அவ தலைதான் இருக்கு, பிரிண்ட்ல அது சின்னதா ஆனா தெளிவா விழுந்திருக்கு. தராசுக்குப் பக்கத்துல அம்மிட்னு ஒரு மிருகம், முதலைத் தலை, முன்னாடி சிங்கம், பின்னாடி நீர்யானை, நெஞ்சு தேறலேன்னா அத முழுங்கறதுக்கு காத்துட்டு இருக்கு. அது தலையத் திருப்பி யார பாக்குதுன்னா தோத்ங்கற நாரைத் தலை சாமிய, அந்த சாமி கைல நாணல் எழுதுகோலோட ரிசல்ட்ட எழுதிட்டு நிக்குது. அப்புறம் பருந்துத் தலை சாமி ஹோரஸ் ஹூனெஃபர கூட்டிட்டுப் போயி, பந்தலுக்குள்ள ஒக்காந்திருக்கற, செத்தவங்க ஒலகத்துக்கு ராஜாவான ஒசைரிஸ் முன்னாடி நிறுத்துது, ஒசைரிஸ் பின்னாடி ஐசிஸ், நெஃப்திஸ்னு ரெண்டு பொம்பளை சாமிங்க.

இப்ப தராசுக்கு அடில பாருங்க. அனுபிஸ் ரெண்டாவது தடவையா அங்க மண்டி போட்டு ஒக்காந்திருக்கும். தராசோட நடுத்தண்டுல இருந்து ஒரு நூல்ல குண்டு தொங்குது, கொத்தனார் வெச்சிருக்கற தூக்குக்குண்டேதான், அது ஆடாம நேரா நிக்குதான்னு கைய வெச்சு பாத்துட்டிருக்கு. என்னைக் கேட்டா படத்துக்கே உயிர் இந்த எடந்தான். நெஞ்ச நிறுக்கறதுக்கு முன்னாடி தராச செக் பண்றாங்க! சாமியே நிறுத்தாலும் தராசு சரியா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் நிறுக்கணும்ங்கறது 3,300 வருசத்துக்கு முந்தியே இருந்திருக்கு. நம்ம ஊர்ல வருசா வருசம் தராசுக்கு முத்திரை போட வர்றாங்களே, அதே வேலை. பிரேம் கடை அண்ணன் கூட இததான் முதல்ல கவனிச்சாரு. "ஏந்தம்பி, இது நாயா நரியா"ன்னு கேட்டாரு, நரிங்கண்ணா, அனுபிஸ்னு பேருன்னேன். கண்ணாடியப் போட்டுட்டு குனிஞ்சு பாத்தவரு, "கை எங்கிருக்குதுன்னு பாருங்க, தட்டுல இல்ல, குண்டுல வெச்சிருக்குது, நிறுக்கத் தெரிஞ்சவந்தான் வரைஞ்சிருக்கோணும்"னாரு. இந்த எடத்துல பிரிண்ட் பிசிறே இல்ல, வெரல்கூட தெரியுது, இதுக்காகவே பாராட்டலாம்.

சரி, கொறைக்கு வரேன். ஒரிஜினல்ல இந்தக் காட்சிக்கு மேல இன்னொரு வரிசை இருக்கு. ஹூனெஃபர் முட்டி போட்டு கும்பிட, அவர் முன்னாடி 14 சாமிங்க வரிசையா ஒக்காந்திருப்பாங்க. நெஞ்சு நிறுக்கறப்ப பாத்துட்டிருக்கற சாட்சிங்க அவங்கதான். எனக்கு வந்த பிரிண்ட்ல அந்த வரிசையே கெடையாது, பந்தலோட மேல்பாகமும் வெட்டுப்பட்டுருச்சு. நீளமான படமா இருந்தா சோபா மேல மாட்ட வசதினு வெட்டிருக்காங்க போல, சைட்ல போட்ட போட்டோவுல அது தெரியற மாதிரி இல்ல. எனக்கு இது உண்மையாவே வருத்தம். மண்டில ஏலம் நடக்கறப்ப சுத்தி நாலு பேர் நின்னு பாக்கறதாலதான் வெலை ஒழுங்கா போகுது, ஆள் இல்லாத ரூம்ல நிறுத்தா அது வேற எடைதான். எங்கப்பா தக்காளி போட்டுட்டிருந்த காலத்துல, ஒரு மண்டில, பேரு வேண்டாம், லோடு எறக்குனதும் சம்சாரிய வெளிய டீ குடிக்க அனுப்பிட்டு உள்ள நிறுத்து, பெட்டிக்கு இவ்ளோ கழிவுன்னு அவங்களாவே கழிச்சு சீட்டு குடுப்பாங்க. அப்பா ஒண்ணும் பேச மாட்டாரு, வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அந்த சீட்டையே பாத்துட்டிருப்பாரு. அதனால சாட்சி இல்லாத தராசு படத்த என்னால முழுப் படமா ஏத்துக்க முடியல.

ரெண்டாவது கொறை, கூட வந்த அட்டை. "எறகை விட நெஞ்சு லேசா இருந்தால் சொர்க்கம்"னு அச்சடிச்சிருக்காங்க. நெட்ல பாதி பேரு இப்படித்தான் எழுதறாங்க. ஆனா படத்தப் பாத்தாலே தெரியும், ரெண்டு தட்டும் சமமா நிக்குது. லேசா இருக்கணும்னு இல்லீங்க, மாஅத்தோட சமமா நிக்கணும். தராசு பக்கத்துல நிக்கறவனுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப பெருசு, கொறைச்சாலும் தப்பு, கூட்டுனாலும் தப்பு, சரியா இருக்கறதுதான் சரி. மம்மி பண்றப்ப கூட மூளைய எடுத்து வீசிடுவாங்க, நெஞ்ச மட்டும் ஒடம்புக்குள்ளயே விட்டுடுவாங்க, ஏன்னா மனுசன் செஞ்சது நெனச்சது எல்லாத்துக்கும் கணக்கு அதுலதான் இருக்குன்னு நம்புனாங்க.

அந்த அட்டைல இத எழுதறதுக்கு பதிலா, நிறுக்கற எடத்துல செத்தவங்க சொல்ல வேண்டிய வாக்குமூலத்துல நாலு வரி போட்டிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும். இறந்தோர் நூல்னு சொல்ற அந்த சுருள்ல 125ஆவது பகுதி அது. நான் இத பண்ணல, நான் அத பண்ணலன்னு வரிசையா சொல்லணும், 42 சாமிங்க முன்னாடி 42 மறுப்பு. கொல்லல, திருடல, பொய் சொல்லலங்கறது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் வருது பாருங்க: யாரையும் பசில விடல, யாரையும் அழ வெக்கல, பச்சக் கொழந்தை வாயில இருந்து பால எடுக்கல, எடைக்கல்லுல கூட்டி வெக்கல, தராசுக் குண்ட ஏமாத்தல, தண்ணி வர வேண்டிய காலத்துல தடுக்கல, ஓடற தண்ணிக்கு குறுக்க அணை போடல. தராசும் தண்ணியும் ஒரே பட்டியல்ல வருது. எங்க பாலக்காட்டு சித்தூர் தாலுகால வெவசாயம் பண்றவங்களுக்கு இத வாசிச்சா உள்ள என்னமோ பண்ணும். ஆழியாறு தண்ணி மணக்கடவுல வருசத்துக்கு 7.25 டிஎம்சி இந்தப் பக்கம் வந்து சேரணும்னு 1970ல ரெண்டு மாநிலமும் போட்ட ஒப்பந்தம், இன்னைக்கும் வெயில் காலம் வந்தா வந்துச்சா வரலையான்னுதான் டீக்கடைல பேச்சு, அந்தப் பக்கம் பொள்ளாச்சி ஆனைமலை சம்சாரிக்கும் அதே தண்ணிதான் வயித்துக்கு. காலத்துல தண்ணி விட்டேனாங்கறது செத்தப்புறம் கேக்கற கேள்வில ஒண்ணுன்னு வெச்சிருந்தாங்களே, அந்த மனுசங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை வந்துருச்சு.

இதுல மனசுக்கு ஒறுத்தற விசயமும் இருக்கு, அதையும் சொல்லணும். இந்த சுருளுங்களே அந்தக் காலத்துல காசுக்கு வித்த சரக்குதான். முன்னாடியே எழுதி பேரு போடற எடத்த மட்டும் காலியா விட்டு வெச்சிருப்பாங்க, வாங்கறவங்க பேர அப்புறமா எழுதிக்குவாங்க, ஆனிங்கறவரோட பேமஸான சுருள்லயே அவர் பேரு சில எடத்துல பின்னாடி சேத்தது. அது போக நெஞ்சுக்கு மேல ஒரு கல் வண்டு வெப்பாங்க, அதுல "என் தாயிடம் இருந்து வந்த நெஞ்சே, எனக்கு எதிரா சாட்சி சொல்ல எழுந்திரிக்காத"ன்னு ஒரு மந்திரம். அப்ப காசு இருக்கறவன் சாட்சிய அமுக்கிட்டு போலாமான்னு கேள்வி வருது இல்லீங்களா. நான் இத ரொம்ப யோசிச்சேன். எனக்குப் படறது என்னன்னா, அந்த மந்திரம் தேவப்பட்டதே அவனவன் நெஞ்சு பொய் சொல்லாதுன்னு அவங்களுக்கு உறுதியா தெரிஞ்சதாலதான். வெளில இருக்கற சாட்சிய கண்டு கூட அவ்ளோ பயம் இல்ல, உள்ள இருக்கறத கண்டுதான் பயம். மந்திரம் வாங்குனவங்க வாங்கட்டும், தராசுன்னு ஒண்ணு இருக்குன்னு அவங்களும் ஒத்துக்கிட்டாங்க இல்ல.

அதுவுமில்லாம மாஅத்த செத்தப்புறம் வர்ற விசயமா மட்டும் அவங்க வெக்கவே இல்ல. ராஜாவுக்கே முதல் கடமை அதுதான். ஹூனெஃபர் வேலை பாத்த சேத்தி ராஜா அபிதோஸ்ங்கற ஊர்ல கட்டுன கோயில்ல, உள்ளங்கை அளவு மாஅத் பொம்மைய ராஜா கைல ஏந்தி சாமிக்கு படைக்கற மாதிரி சிற்பம் இருக்கு. சோறு பழம் படைக்கற மாதிரி நியாயத்தையே படைக்கணும். அமெனெமோபேன்னு ஒருத்தர் மகனுக்கு சொன்ன புத்திமதி 30 அத்தியாயம், அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துலதான் இருக்கு, அதுல 16ஆவது முழுக்க எடைதான், தராச அசைக்காத, எடைக்கல்ல மாத்தாத, மரக்கால்ல பங்க கொறைக்காதன்னு. அந்த ஒரு அத்தியாயத்த மட்டும் பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டு வித்தா எல்லா மண்டிலயும் வாங்குவாங்க, இந்த கம்பெனிக்காரங்க யோசிக்கணும்.

இன்னொரு கதை இருக்கு, ரொம்ப பழசு, ஹூனெஃபருக்கும் பல நூறு வருசம் முந்துனது. குனானுப்னு ஒரு ஏழை சம்சாரி கழுதை மேல உப்பு, தோலு, நாணல்னு சரக்கு ஏத்திட்டு சந்தைக்கு வர்றான். வழில நெம்தினக்த்னு ஒருத்தன், ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் பார்லி வயல், நடுவுல இருக்கற ஒத்தையடிப் பாதைல துணிய விரிச்சு வெச்சு என் துணிய மிதிக்காதங்கறான். வயல் ஓரமா ஒதுங்குனதும் கழுதை ஒரு வாய் பயிர கடிச்சிருச்சு, அவ்ளோதான், கழுதை மொத்தத்தையும் புடிச்சு வெச்சுகிட்டு ஆளையும் அடிக்கறான். குனானுப் ரென்சிங்கற பெரிய அதிகாரிகிட்ட போறான். இவன் பேச்சு அவ்ளோ அழகா இருக்கவே, ராஜா இன்னும் பேச விடுங்க, எழுதி வெச்சுக்கோங்க, பதில் சொல்லாதீங்கங்கறாரு, அவனுக்குத் தெரியாமயே அவனுக்கும் வீட்டுக்கும் சாப்பாடு மட்டும் போகுது. அவனுக்கு இது எதுவும் தெரியாது, 9 தடவை வந்து முறையிடறான். உன் நாக்குதான் தராசுக் குண்டு, உன் நெஞ்சுதான் எடைக்கல்லு, நீயே சாஞ்சா அப்புறம் யாருதான் நேரா நிப்பாங்கன்னு அதிகாரி மூஞ்சிக்கு நேரா கேக்கறான். கடைசில நெம்தினக்தோட சொத்தே இவனுக்கு வருது. தாலுகா ஆபீஸ் வராண்டால பட்டாவுக்கு நின்னவங்களுக்கு இந்தக் கதைல ஒரு வரி கூட புதுசா இருக்காது. நியாயம் கெடைச்சாலும் அதுக்கு 9 தடவை நடக்க வெச்சது நியாயமான்னு எனக்கு இன்னும் கோவம் இருக்கு, கதை எழுதுனவருக்கும் அந்தக் கோவம் இருந்திருக்கும்னுதான் நெனைக்கறேன்.

அதே மாதிரி மூணாம் ராம்செஸ் காலத்துல, அவரோட 29ஆவது ஆட்சி வருசம், ராஜாக்களோட கல்லறைய வெட்டி சித்திரம் வரையற தொழிலாளிங்களுக்கு கூலி தானியம் வரல. வேலைய போட்டுட்டு கோயில் பக்கம் வந்து ஒக்காந்துட்டாங்க. பசியும் தாகமுமா வந்திருக்கோம், துணி இல்ல, எண்ணெய் இல்ல, மீன் இல்ல, காய்கறி இல்ல, ராஜாவுக்கு சொல்லி அனுப்புங்கன்னாங்க. இத பதிவு பண்ண பாப்பிரஸ் இத்தாலில டூரின் மியூசியத்துல இருக்கு. ஒலகத்துல எழுத்துல பதிவான முதல் வேலை நிறுத்தம்னு இததான் சொல்றாங்க. ராஜா கல்லறைல சுவர் சுவரா சித்திரம் வரைஞ்ச கையே கூலிக்கு தெருவுல ஒக்காந்துச்சுங்கறப்ப, படம் மாட்டறது மட்டும் பத்தாதுன்னு தெரியுது. எங்க மண்டில சுமை தூக்கறவங்க கூலிய மதியத்துக்குள்ள குடுத்துடறது மாமாவோட பழக்கம், அது இன்னும் உறுதியா நிக்கணும்னு அவர்கிட்ட நேராவே சொல்லிருக்கேன்.

சரி, வாங்கறவங்களுக்கு. ஆனியோட சுருள்லயும் இதே காட்சி இருக்கு, அதுல தராசு மேல ஒரு கொரங்கு ஒக்காந்திருக்கும், பக்கத்துல மனைவி துத்துவும் நிப்பாங்க, ரொம்ப அழகு. ஆனா அந்த சுருள் 24 மீட்டர் கிட்ட, 1888ல பிரிட்டிஷ் மியூசியத்துக்காக வாங்குன பட்ஜ்ங்கறவரு அத 37 துண்டா வெட்டிட்டாரு, நிறுக்கறது ஒரு துண்டுலயும் ஒசைரிஸ் முன்னாடி போறது அடுத்த துண்டுலயும் இருக்கு, ஒரே பிரேம்ல முழு வெவகாரமும் வேணும்னா ஹூனெஃபர்தான் சரி. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி விக்கறவங்களுக்கு மெசேஜ் போட்டு மேல் வரிசை 14 சாமியும் இருக்குதான்னு கேளுங்க. ஒரிஜினல் சீட்டு அகலத்துல பாதிய விட கொஞ்சம் கம்மியா ஒயரம் இருக்கும், மூணு அடி அகலத்துக்கு ஒயரம் ஒண்ணேகால் அடிக்கு மேல இல்லேன்னா மேல வெட்டிருக்காங்கன்னு அர்த்தம், எனக்கு வந்தது ஒரு அடி கூட இல்ல. நான் கேட்டதுக்கு திருப்பி எடுத்துக்கறோம், ஆனா முழுப் படம் எங்ககிட்ட இல்லன்னுட்டாங்க, பதில் மரியாதையாதான் இருந்துச்சு, அதுக்கு ஒரு அரை மார்க்.

இன்னொரு வழியும் இருக்கு, பிரிட்டிஷ் மியூசியம் வெப்சைட்ல கலெக்‌ஷன் பக்கத்துல ஈஏ (EA) 9901னு தேடுனா முழுப் படமும் கெடைக்கும், சொந்த ஒபயோகத்துக்கு எடுத்துக்கலாம், விக்கக் கூடாது. வீட்டுல மாட்டறதுக்கு அத பென்டிரைவ்ல போட்டு நம்மூர் பிரிண்டிங் கடைல அடிச்சுக்கலாம். பிரேமுக்கு கொழிஞ்சாம்பாறை அண்ணன் தேக்கு மரத்துல 600 ரூபாய் வாங்குனாரு, மூலை நாலும் ஊசி போற எடம் இல்லாம சேந்திருக்கு, அவருக்கு அஞ்சுக்கு அஞ்சு. கண்ணாடி போட வேண்டாம்னு அவரே சொன்னாரு, டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடில பட்டா சரியா அந்தக் குண்டு இருக்கற எடந்தான் தெரியாம போகுமாம், மேட் லேமினேசனே போதும்.